ஹலால் சான்றிதழ்: சிக்கல் கோழியில்தான்

பாலக்காட்டில் ஹோட்டல்களுக்கு லைசென்ஸ், சான்றிதழ் பேப்பர் வேலை பார்க்கிறேன். எல்லைப் பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

பாய், எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸ் இருக்கிறது. ஹலாலும் அவர்களே தருவார்களா? (கொழிஞ்சாம்பாறை)

இல்லை அண்ணே. அது உணவுப் பாதுகாப்புக்கு மட்டும். ஹலால் சான்று தருவது ஜமியத் உலமா-இ-ஹிந்த் ஹலால் டிரஸ்ட், ஹலால் இந்தியா மாதிரியான அமைப்புகள். உள்ளூரில் ஹோட்டல் நடத்த அது சட்டப்படி கட்டாயமும் இல்லை.

கோழி வாங்குவதே பாய் கடையில்தான். அப்புறம் சான்று தரும் அமைப்பு வந்து என்ன தணிக்கை? (வாளையார்)

எல்லோரும் இடறுவது இங்கேதான். அறுத்தவர் யார், பிஸ்மி (அல்லாஹ்வின் பெயர்) சொன்னாரா, உயிர் அடங்கிய பிறகுதான் வெந்நீரில் போட்டார்களா என்று கேட்பார்கள். பல்லடம் பக்கமிருந்து உயிரோடு வந்து கண்ணெதிரே அறுபடும் கோழிக்குப் பதில் சொல்லிவிடலாம். வெட்டி ஐஸில் வருவதற்குக் காகிதம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சரக்கு தீர்ந்ததும் எதிர்க்கடையில் ஐந்து கிலோ வாங்கிப் போடுவீர்கள், பில் இருக்காது. நான் பேப்பர் பார்த்த ஒரு கடையில் எல்லாம் சரியாக இருந்தது. ஃப்ரீசரின் அடியில் லேபிள் இல்லாத ஒரு கோழிப் பாக்கெட். அன்றைய தணிக்கை அதோடு நின்றுவிட்டது. குற்றம் என்னுடையதும்தான், முந்தின நாள் நான் ஃப்ரீசரைத் திறந்து பார்க்கவில்லை.

சைவ ஐட்டங்களையும் பார்ப்பார்களா?

பார்ப்பார்கள். ஃபிரைடு ரைஸுக்கு ஊற்றும் சோயா சாஸ், கேக்கில் வெனிலா எசன்ஸ், புட்டிங்கில் ஜெலட்டின். முதல் இரண்டில் ஆல்கஹால் இருக்கலாம். ஜெலட்டின் எந்த மிருகத்துடையது என்று பாக்கெட்டில் பெரும்பாலும் இருக்காது. கடற்பாசிக்கு மாறிவிடுங்கள், தலைவலி தீரும்.

மெனுவில் கூந்தல் (கணவாய்) ஃப்ரை உண்டு. தடையா?

நல்ல கேள்வி. மலப்புறம் பக்கம் ஷாஃபி மத்ஹப் (இஸ்லாமியச் சட்டப் பிரிவு), கூந்தலுக்குத் தடையில்லை. நம் ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி. அதில் கடல் உயிர்களில் மீன் மட்டும்தான் கூடும், இறாலிலேயே கருத்து வேறுபாடு. அதனால் பணம் கட்டும் முன்பே மெனுவை அந்த அமைப்பிடம் காட்டி, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கிறிஸ்துமஸுக்கு மட்டும் பன்றி வறுவல் போடுகிறோம். தனிச் சட்டி வைத்தால் போதுமா?

போதாது. அதே அடுக்களை என்றால் விண்ணப்பத்தையே மறந்துவிடுங்கள். ஒன்று வறுவல், இல்லை சான்றிதழ்.

உத்தரப்பிரதேசத்தில் 2023 நவம்பரில் ஹலால் சான்று பெற்ற பொருட்களுக்குத் தடை போட்டார்களே?

அது அந்த மாநிலத்துக்குள் மட்டும். ஏற்றுமதிச் சரக்குக்கு அங்கேயும் விலக்கு உண்டு.

நான் இந்து. எனக்குத் தருவார்களா?

தாராளமாக. அறுக்கிறவர் யார் என்றுதான் பார்ப்பார்கள். கல்லாவில் யார் உட்கார்ந்தால் என்ன?