ஆஷாபூர்ணா தேவி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வங்காள நாவல் என்றால் தாகூர், சரத் சந்திரர் பெயர்கள்தான் எனக்குத் தெரியும். ஆஷாபூர்ணா தேவி யார்?

பதில்: ஞானபீட விருது பெற்ற முதல் பெண் எழுத்தாளர். 1909இல் கல்கத்தாவில் பிறந்து, 1995இல் அதே ஊரில் மறைந்தார். 1976ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் 'பிரதம் பிரதிஸ்ருதி' நாவலுக்காக வந்தது.

கேள்வி: பள்ளிக்கூடமே போகவில்லையாமே? பிறகு எப்படிப் படிக்கக் கற்றார்?

பதில்: போகவில்லை. பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போனால் வாயாடிகளாகிவிடுவார்கள் என்று பாட்டி தடுத்துவிட்டார். அண்ணன்மார் பாடம் படிக்கும்போது இந்தச் சிறுமி எதிரே உட்கார்ந்து பார்ப்பாள். புத்தகம் அவர்கள் பக்கம் திரும்பியிருக்கும், அதனால் எழுத்துகளைத் தலைகீழாகவே பார்த்துப் பழகினாள்! அம்மா சரளாசுந்தரிக்கோ புத்தகம் இல்லாமல் பொழுது போகாது. அது பெரிய பாக்கியம். 13 வயதில் 'சிசு சாத்தி' என்ற சிறுவர் பத்திரிகைக்கு வீட்டுக்குத் தெரியாமல் ஒரு கவிதை அனுப்பினார். அதை வெளியிட்ட ஆசிரியர் இன்னும் எழுதச் சொன்னார்.

கேள்வி: திருமணத்துக்குப் பிறகும் எழுத முடிந்ததா?

பதில்: 1924இல், 15 வயதில் திருமணம். வீட்டு வேலை, பிள்ளைகள் எல்லாம் முடிந்த இரவுகளில் எழுதினார். பெரியவர்களுக்கான முதல் நாவல் 1944இல்தான் வந்தது.

கேள்வி: வீட்டுக்குள்ளேயே சுற்றும் கதைகள்தானே? அதில் என்ன பெரிதாக இருக்கிறது?

பதில்: அவருடைய 'சுவர்ணலதா' நாவலைப் படித்துவிட்டு இதைக் கேளுங்கள். புது வீட்டில் தெருவைப் பார்த்த ஒரு வராந்தா வேண்டும் என்று சுவர்ணா கணவனிடம் கேட்கிறாள். சரி என்று சொல்லியே ஏமாற்றுகிறான். குடிபோன அன்று வீடு முழுக்கத் தேடுகிறாள், வராந்தா இல்லை. பிறகு தன் கதையை எழுதி அச்சடிக்கிறாள். வீட்டார் சிரிக்கிறார்கள். அத்தனை பிரதிகளையும் மாடியில் போட்டுக் கொளுத்துகிறாள். நான்கு சுவருக்குள் ஒரு மனுஷி எவ்வளவு இழக்க முடியும் என்பதை இதைவிட நெருக்கமாக எழுதியவர்களை நான் படித்ததில்லை.

கேள்வி: எதில் தொடங்கலாம்?

பதில்: 'பிரதம் பிரதிஸ்ருதி' (1964). புவனா நடராஜன் மொழிபெயர்ப்பில் தமிழில் 'முதல் சபதம்'. அப்புறம் 'சுவர்ணலதா', 'பகுல் கதா'. தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை.

கேள்வி: 'பிரதம் பிரதிஸ்ருதி'யின் முடிவில் நாயகி சத்யவதி குடும்பத்தையே விட்டுப் போகிறாளே, ஒரு தாய் அப்படிச் செய்யலாமா? (படிக்காதவர்கள் பதிலைத் தாண்டிவிடுங்கள்.)

பதில்: ஒன்பது வயது மகளைப் படிக்கவைக்கப் போராடியவள் அவள். அவளுக்குத் தெரியாமலேயே மாமியார் அந்தக் குழந்தைக்குக் கல்யாணம் செய்துவிடுகிறார். அந்தக் கணத்தில் அவள் வேறென்ன செய்திருக்க முடியும்? எனக்கு அவள் போனது சரி. ஆனால் ஆஷாபூர்ணா அவளை எளிதில் விடவில்லை. அந்தக் குழந்தைதான் சுவர்ணலதா. 'அம்மா ஏன் என்னை விட்டுப் போனாள்' என்ற கேள்வியோடுதான் அடுத்த நாவல் முழுக்க அவள் வாழ்கிறாள்.