அசல் என்றால் வட்டி எங்கே?

கேள்வி: எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு சைனீஸ் உணவகம் வந்துவிட்டது. எதில் நுழைந்தாலும் கரம் மசாலா வாசனையும் காது அடைக்கும் காரமும்தான். காவிரிப் படுகையில் அசல் சீன உணவு கிடைக்கும் ஓர் இடம் சொல்ல முடியுமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: அசல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அடகுக் கடைதான் நினைவுக்கு வரும். என் தாத்தா காலத்தில் அசல் என்பது எங்கள் பக்கத்து விவசாயிகள் கண்ணால் பார்த்து, கையால் அடைக்க முடியாத ஒன்று. குறுவைக்கு ஒரு வட்டி, தாளடிக்கு ஒரு வட்டி போகும். அசல் வைத்தீஸ்வரன்கோயில் கோபுரம்போல அப்படியே நிற்கும்.

அந்தச் சொல் இப்போது பெயர்ப் பலகையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சென்னையிலிருந்து திருச்சிக்கு வரும் நெடுஞ்சாலையில் 'அசல் கும்பகோணம் டிகிரி காபி' பலகைகளை எண்ணிப் பாருங்கள். நான் ஒருமுறை எண்ணத் தொடங்கி, பாதியில் தூங்கிவிட்டேன். விழித்தபோதும் ஒரு பலகை போய்க்கொண்டிருந்தது. இறங்கிக் குடித்தேன். பித்தளை டபரா பளபளத்தது. காபி ஆற்றியவரிடம், "கும்பகோணத்தில் எந்தத் தெரு?" என்று கேட்டேன். "அங்கேயும் கிளை இருக்கிறதா, சார்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஊரார் காபிக்கு இப்படிப் பெயரைக் கடன் கொடுத்துவிட்டு, சீனாக்காரனிடம் போய் அசலைக் காட்டு என்று எந்த முகத்தோடு கேட்பது?

அந்தக் கடைகளில் நீங்கள் சாப்பிட்டிருக்கக்கூடிய மஞ்சூரியனை, கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையல்காரர் நெல்சன் வாங் 1975வாக்கில் மும்பையில் கண்டுபிடித்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. மஞ்சூரியாக்காரர் முன்னால் கோபி மஞ்சூரியனை வைத்தால், இது எந்த ஊர்ப் பலகாரம் என்று மரியாதையாகக் கேட்பார். சீன உப்பு என்று நாம் பழி போடும் அஜினோமோட்டோவோ ஜப்பான் சரக்கு. 1908இல் இகேதா என்ற டோக்கியோ பேராசிரியர் கடற்பாசிச் சாற்றிலிருந்து அந்தச் சுவையைப் பிரித்தெடுத்தார். மிளகாய் யார் கொண்டுவந்தது என்ற பாடத்தை நான் நடத்தப்போவதில்லை. அது மற்றப் பத்திரிகைகளில் மாதம் ஒருமுறை வருகிறது.

நம் படுகையில் சீனப் பெயரோடு நெடுங்காலம் நின்றது ஒன்றுதான். நாகப்பட்டினத்தில் கப்பல்காரர்களுக்கு அடையாளமாக இருந்த செங்கல் கோபுரம். சீனக் கோபுரம் என்றே அதற்குப் பெயர். 1867இல் இடித்துத் தள்ளினார்கள். இதை எழுதும்போதெல்லாம் கும்பகோணத்துப் பேராசிரியர் ஒருவர், "அதைச் சீனர் கட்டவில்லை" என்று பதிவுத் தபாலில் கண்டிப்பார். இதுவரை பதினோரு கடிதங்கள். கட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை ஐயா, இடித்தோம் என்றுதான் சொல்கிறேன். பன்னிரண்டாவதைச் சாதாரணத் தபாலிலேயே அனுப்பலாம்.

சரி, உணவகம். சென்ற மாதம் திருவாரூரில் ஒன்றுக்குப் போனேன். கூட வந்தவர் வேளாண்மைத் துறையில் ஓய்வு பெற்ற என் மைத்துனர். சிவப்புக் காகித விளக்குகள், சுவர் முழுக்க டிராகன். வரைந்தவர் கோயில் திருப்பணியில் பழகிய கை போலிருக்கிறது. டிராகனுக்குத் துதிக்கை முளைத்து யாளியாகியிருந்தது. அது கக்கிய நெருப்புக்கு நேர் கீழே கை கழுவும் குழாய். வாழைப்பூ மஞ்சூரியன் வாங்கினோம். கோபியை விட இது மேல் என்பேன்; பூவின் துவர்ப்பு சோயா சாஸின் திமிரை அடக்கிவிடுகிறது. ஃப்ரைடு ரைஸ் மட்டும் உதிரி உதிரியாகப் பாஸ்மதி. மைத்துனருக்கு அது சோறாகவே படவில்லை. நெல் விளையும் ஊரில் உட்கார்ந்துகொண்டு வடக்கத்தி அரிசியைத் தின்பதா என்று முனகி, தயிர் சாதம் கேட்டார். சர்வரும் தயங்காமல் கொண்டுவந்து வைத்தார், நாரத்தங்காய் ஊறுகாயோடு.

ஒரு கவளம் உள்ளே போனதும் மைத்துனர் முகம் தெளிந்தது. "பொன்னி," என்றார். பிறகு துறைக்கே உரிய குரலில் பூர்வீகம் சொன்னார். மலேயாவின் மாயாங் எபோஸையும் தைவானின் தைச்சுங் 65ஐயும் கலந்து மாசூரி பிறந்தது. அந்த வழியில் வந்த வெள்ளைப் பொன்னியைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்டது. அதற்கும் முன்னால் 1966இல் வந்த ஐ.ஆர். 8க்கு ஒரு பக்கம் இந்தோனேசிய பீட்டா, மறுபக்கம் டீ-ஜியோ-வூ-ஜென் என்ற தைவான் குட்டை நெல். காவிரியின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிற அரிசிக்கு உறவுக்காரர்கள் தைவானில். (தைவானைச் சீனக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டு எழுதவிருப்பவர்கள் அஞ்சலட்டையை மிச்சப்படுத்துங்கள். அதை இந்தப் பக்கத்தில் தீர்க்க முடியாது.)

பில் வந்தது. மஞ்சூரியன், ஃப்ரைடு ரைஸ் ஆகியவற்றின் கீழே, 'சைனீஸ்' என்ற அதே தலைப்பில், தயிர் சாதம் ஒன்று என்று அச்சாகியிருந்தது. "கம்ப்யூட்டர் தப்பு, சார், மாற்றித் தருகிறேன்," என்று சர்வர் பதறினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.