புது கிராபிக்ஸ் கார்டு மாட்டியபின் லினக்ஸில் திரை கருப்பாகவே நிற்பது ஏன்?

ஃபேன் சுற்றுகிறது, டெஸ்க்டாப் மட்டும் வரவில்லை என்கிறீர்கள். முதலில் மானிட்டர் கேபிள் கார்டில்தான் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டிலேயே அதை விட்டுவிட்டு அரை நாள் டிரைவரைத் திட்டியவன் நான். அப்புறம் பவர் கேபிள்: கார்டு செருகும் ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட்தான், அதற்கு மேல் கேட்கும் கார்டுக்குத் தனி பவர் கேபிள் மாட்டியிருக்க வேண்டும்.

கணினியைப் போட்டதும் வரும் பயாஸ் திரை தெரிந்து, லினக்ஸ் ஏறும்போது கருப்பானால் பெரும்பாலும் டிரைவர் கோளாறு. லினக்ஸை ஏற்றும் கிரப் (GRUB) மெனுவில் 'இ' (e) விசையை அழுத்தி, 'லினக்ஸ்' (linux) எனத் தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' (nomodeset) என்று சேர்த்து, கன்ட்ரோல்+எக்ஸ் அழுத்துங்கள். குறைந்த ரெசல்யூஷனிலாவது திரை வர வாய்ப்புண்டு. அந்த ஒரு தடவைக்குத்தான் இது, நிரந்தரமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

உள்ளே போனதும் டெர்மினலில் 'ஜர்னல்சிடிஎல் -கே -பி -1' (journalctl -k -b -1) அடித்தால், முந்தைய தடவை கெர்னல், அதாவது லினக்ஸின் மையப்பகுதி, புலம்பியதெல்லாம் தெரியும். ஏஎம்டி கார்டு என்றால் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருள்) ஏறவில்லை என்று வந்தால் கெர்னலையும் லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பையும் புதுப்பியுங்கள். என்விடியா என்றால் உங்கள் டிஸ்ட்ரோ (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகை) தரும் டிரைவரையே நிறுவுங்கள். 'கீ வாஸ் ரிஜெக்டட்' (Key was rejected) என்று ஒரு வரி கண்ணில் பட்டால் தடுப்பது செக்யூர் பூட், நம்பகமான கையொப்பமில்லாததை ஏறவிடாத பாதுகாப்பு: டிரைவருக்குக் கையொப்பமிட்டுச் சாவியைப் பதியுங்கள், இல்லை பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துப் பாருங்கள்.