பால் கவரும் ஷாம்பூ பாக்கெட்டும்

கேள்வி: பால் கவரை வாங்கிக்கொள்ளும் பழைய பேப்பர் கடைக்காரர், ஷாம்பூ பாக்கெட்டை மட்டும் வேண்டாம் என்கிறாரே, ஏன்?

பதில்: பால் கவர் பாலிஎதிலீன் என்ற ஒரே பொருளால் ஆனது என்பதால், கழுவி உலர்த்திக் கொடுத்தால் அதை உருக்கி மீண்டும் பயன்படுத்தலாம், ஷாம்பூ பாக்கெட்டிலோ வெவ்வேறு பிளாஸ்டிக் படலங்களும், பல நேரங்களில் அலுமினியத் தாளும், பிரிக்க முடியாதபடி ஒட்டப்பட்டிருப்பதால் அதற்கு விலையே கிடைப்பதில்லை. எளியவர்களுக்கும் எட்டும் விலையில் பொருளைத் தருவது நல்ல நோக்கம்தான்; ஆனால் அந்த உறையின் சுமையைத் தூய்மைப் பணியாளர்கள் தலையில் கட்டுவது எவ்விதத்திலும் நியாயமன்று. பிளாஸ்டிக் உறைகள் குறித்து 2022இல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகளும், பயன்படுத்திய உறையைக் கையாளும் பொறுப்பை உற்பத்தியாளர்மீதே சுமத்துகின்றன. பெரிய புட்டி வாங்க வசதியுள்ளவர்களாவது பாக்கெட்டைத் தவிர்க்க வேண்டும். பால் கவரின் முனையை வெட்டும்போதும், துண்டித்து எறியாமல் கவரோடு ஒட்டியிருக்கும்படி விடுங்கள். அந்தத் துணுக்கு தனியே விழுந்தால் சாக்கடைக்குத்தான் போகும்.