டர்பனில் நிற்கும் 1970களின் பாய்மரப் படகு: பழைய பிரிட்ஜைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

முதலில் கம்ப்ரசர் லேபிளைப் பாருங்கள். ஆர்-12 என்ற குளிரூட்டும் வாயுவின் பெயர் இருந்தால் அந்தப் பிரிட்ஜில் காசைக் கொட்ட வேண்டாம். ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி ஒழிக்கப்பட்ட வாயு அது. பதிலுக்கு ஆர்-134ஏ என்ற வாயுவை ஏற்றினால் உள்ளே இருக்கும் மினரல் ஆயில் அதோடு கலக்காது. எண்ணெய் குழாயிலேயே தங்கிவிட, அது கிடைக்காமல் கம்ப்ரசர் தேயும்.

லேபிளில் டான்ஃபாஸ் பிடி35 (பேட்டரியில் ஓடும் கம்ப்ரசர் மாடல்) என்றிருந்தால் அவசரப்படாதீர்கள், பல நேரம் கோளாறு வயரில்தான். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் மல்டிமீட்டரை அதன் கன்ட்ரோலர் (கம்ப்ரசரை இயக்கும் மின்னணுப் பெட்டி) முனையில் வையுங்கள், பேட்டரியில் அல்ல. 12 வோல்ட் அமைப்பில் சுமார் 10.4-க்குக் கீழே இறங்கினால் கன்ட்ரோலரே நிறுத்திவிடும். பேட்டரி 4 மீட்டர் தள்ளி இருந்தால் 4 சதுர மில்லிமீட்டர் வயர் வேண்டும். உப்புக்காற்றில் பச்சை பூத்த முனைகளை வெட்டி எறிந்துவிட்டு, வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியில் புது லக் (வயர் முனை இணைப்பான்) அடியுங்கள்.

கம்ப்ரசர் புதிதே வாங்கினாலும் பழைய குளிர்ப்பெட்டியைச் சோதிக்காமல் மாட்டாதீர்கள். அடிப்பக்க உள்சுவரில், பின்னால் குழாய் இல்லாத இடத்தில், சிறு துளை போட்டுப் பாருங்கள். ஃபோம் ஈரமாக வந்தால் முழுதும் பிடுங்கி, 100 மில்லிமீட்டர் பாலியூரித்தேன் பலகை வையுங்கள். டர்பன் கோடைப் புழுக்கத்தில் நனைந்த ஃபோமோடு எந்த கம்ப்ரசரும் ஓயாமல் ஓடி பேட்டரியைத்தான் தின்னும். வடிகால் துளைக்கு அடைப்பான் போடவும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால் குளிர்காற்று அந்தத் துளை வழியாகவே படகின் அடிக்குழிக்கு இறங்கிவிடும்.