புரோட்டோ கோடு ஒவ்வொரு பில்டிலும் மறுபடி உருவாவது பற்றி

வணக்கம். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கு நீங்கள் எழுதும் சரக்குக் கணக்கு மென்பொருளில் ஒரு வரி மாற்றினாலும் புரோட்டோ கோப்புகளிலிருந்து (தரவின் வடிவத்தை விவரிப்பவை) வரும் கோடு எல்லாம் மறுபடி உருவாகி, முழு பில்டும் (நிரலைத் தொகுக்கும் வேலை) ஓடுகிறது என்றீர்கள். நீங்கள் காட்டிய சிமேக் (பில்டை அமைக்கும் கருவி) கோப்பில் இருப்பது ஆட்_கஸ்டம்_டார்கெட் என்ற கட்டளை. அது மாற்றம் இருக்கிறதா என்று பார்க்காது, எப்போதும் ஓடும். ஆட்_கஸ்டம்_கமாண்டுக்கு மாறுங்கள். அதில் அவுட்புட் (உருவாகும் கோப்புகள்), டிபெண்ட்ஸ் (அவை சார்ந்திருக்கும் கோப்புகள்) இரண்டையும் முழுசாக எழுதுங்கள். டிபெண்ட்ஸில், கோடை உருவாக்கும் புரோட்டோக் நிரலையும் கட்டாயம் சேருங்கள். விட்டால், அதன் பதிப்பை மாற்றிய பிறகும் பழைய கோடே கிடக்கும், அப்புறம் வரும் பிழையைக் கண்டுபிடிப்பது பெரும் பாடு.

ஒரு புரோட்டோ மற்றொன்றை இம்போர்ட் செய்தால் அதையும் டிபெண்ட்ஸில் குறிப்பிட வேண்டும்.

அதற்குப் பிறகும் ஓடினால், சரி, பில்டை ஓட்டும் கருவியான நிஞ்சாவையே கேளுங்கள்: '-டி எக்ஸ்பிளைன்' கொடுத்தால் எந்தக் கோப்பால் ஓடுகிறது என்று சொல்லிவிடும். அந்த வெளியீட்டை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.