பணியில் உயிர்நீத்த ராணுவ வீரருக்காக நினைவு நடைப்பயணம் நடத்தினால், விளம்பரம் தேடுவதாகச் சொல்வார்களா?

உங்கள் கேள்வியைப் பார்த்தால், வீட்டில் யாரோ ஏற்கெனவே "இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டது போலத் தெரிகிறது. எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். இருந்தாலும் நடத்தினோம். நீங்களும் தாராளமாக நடத்துங்கள்.

என் அண்ணன் ராணுவத்தில் சிப்பாய். பணியில் இருந்தபோதே போய்விட்டான். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு நடைப்பயணம் போகலாம் என்றதும், "பெரிய அதிகாரியா இருந்தாலாவது நாலு பேர் வருவாங்க" என்றார் நெருங்கிய சொந்தக்காரர் ஒருவர். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917இல் பிரிட்டிஷ் பேரரசில் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையம், பதவி பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி கல்தான் வைத்தது. நூறு வருஷத்துக்கு முன்பே முடிந்துபோன பேச்சு இது.

அவன் ஆள்சேர்ப்புக்காக விடியற்காலையில் ஓடிப் பழகிய பாதையைத்தான் தேர்ந்தெடுத்தோம். முதுகில் எடை சுமந்து நடக்கலாம் என்றார்கள் இளைஞர்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் அப்படி நடக்கிறார்கள். 1942இல் பிலிப்பைன்ஸின் பத்தானில் ஜப்பானியப் படையிடம் சிறைபட்டு, நடக்க வைத்தே வதைக்கப்பட்ட வீரர்களின் நினைவாக 1989இல் தொடங்கியது அது. ஒரு பிரிவினர் சுமார் 16 கிலோ சுமையோடு மாரத்தான் தூரம் நடப்பார்கள். மதிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் எங்கள் அம்மாவுக்கு மூட்டுவலி. அவர் முன்னால் நடக்க, அவருடைய வேகத்தில்தான் மற்ற எல்லோரும் போனோம்.

வழியில் அங்கங்கே நின்று, அவனைத் தெரிந்தவர்களைப் பேசச் சொன்னோம். அவனோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவர் விடுப்பு எடுத்து வந்திருந்தார். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குக் காலில் கொப்புளம் வந்தால் ராத்திரி உட்கார்ந்து மருந்து போட்டுவிடுவானாம், பூட்ஸ் கயிறை எப்படிக் கட்டினால் உரசாது என்று சொல்லிக்கொடுப்பானாம். இது எங்கள் யாருக்குமே தெரியாது. அதுவரை வந்தவர்கள் எல்லாம் அவன் கடைசி நாளைப் பற்றி மட்டும்தான் பேசியிருந்தார்கள். அம்மா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். இந்த ஒன்றுக்காகவே நடத்தலாம் என்பேன்.

தன் படம் போட்ட பேனரோடு பேச வந்த ஒரு பிரமுகருக்கு மைக் தரவில்லை. திமிர் என்றார்கள், சொல்லட்டும். முடிவில் இரண்டு நிமிட மௌனம், அவ்வளவுதான். போரைக் கொண்டாடுகிறோம் என்றும் யாராவது கிளம்பலாம். அன்று ஒரு கோஷம்கூட எழவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். அண்ணியின் குடும்ப ஓய்வூதியத்துக்காக ஒரு அலுவலகத்துக்கு அலைந்தோம். பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறதென்று, கொடுத்த சான்றிதழையே மறுபடி மறுபடி கேட்டார்கள். கைக்குழந்தையோடு நின்றவரை உட்காரச் சொல்லக்கூட ஆளில்லை. வீரவணக்கம் என்று போஸ்டர் ஒட்டியவர்களில் ஒருவராவது அங்கே துணைக்கு வந்திருக்கலாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். காவல்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். தண்ணீருக்கும், முடியாதவர்கள் ஏறிக்கொள்ள ஒரு வண்டிக்கும் ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் அவருடைய நண்பர் என்றால், முதலில் அவர் மனைவியிடமும் பெற்றோரிடமும் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.